ஐஸ் ஹாக்கி வீரர்களுக்குப் பெயர் அட்டவணை போடும் முறை

போன ஆடியில் எட்மண்டனிலிருந்து மகளும் பேரனும் உடுமலைக்கு வந்திருந்தார்கள். பேரனுக்குப் பதினோரு வயது. கனடாவில் ஜூலையும் ஆகஸ்ட்டும்தான் பள்ளி விடுமுறை என்பதால் ஒவ்வொரு தடவையும் நம்ம ஊர் காற்றுக் காலத்தில்தான் வந்து இறங்குவான். வந்த அன்றே பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாக, வீரர்கள் படம் போட்ட ஐஸ் ஹாக்கி அட்டைகளை எடுத்துக் கட்டிலில் கொட்டினான். எண்ணிப் பார்த்தோம், 640.

"அம்மிச்சி, இதுல யாரு எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியறதில்லீங்க. நீங்க லைப்ரரில அடுக்குவீங்களாமா, அதே மாதிரி சர்நேம் வெச்சு அடுக்கித் தாங்க" என்றான்.

31 வருஷம் கல்லூரி நூலகத்தில் அட்டவணை வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையை யாராவது கேட்பார்கள் என்று நினைத்ததே இல்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டோம். அந்த நாலு வாரத்தில் என்ன செய்தோம், எங்கே தப்பு பண்ணினோம் என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். அட்டை சேர்க்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உதவும்.

எல்லா அட்டையையும் அகர வரிசைப்படி ஆல்பத்தில் செருகிவிட்டால் போச்சு என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். நாளைக்கு 'பி' எழுத்தில் புதிதாக ஒரு அட்டை வந்தால், அதற்கு இடம் விடப் பின்னால் இருக்கிற ஐந்நூறு அட்டையையும் ஒவ்வொரு பையாக நகர்த்த வேண்டியிருக்கும். நூலகத்தில் புத்தகம் வந்த வரிசைப்படி சேர்க்கை எண் கொடுப்போம், தேடுவதற்குத் தனியாகச் சீட்டு எழுதுவோம். இங்கேயும் அதுதான் வழி. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பை உள்ள ஆல்பத்தில், கையில் வந்த வரிசைப்படியே அட்டைகளைப் போட்டு, பைக்கு 1, 2, 3 என்று எண் ஒட்டிவிடுங்கள். எண்ணைப் பையின் மேல்தான் ஒட்ட வேண்டும். அட்டையின் மேல் ஒரு பேனாப் புள்ளிகூட விழக் கூடாது, அதன் மதிப்பே போய்விடும். அகர வரிசை சீட்டுகளுக்கு மட்டும் போதும்.

சீட்டுக்கு நான் எங்கும் அலையவில்லை. நூலகம் கணினிக்கு மாறியபோது பழைய அட்டவணை அட்டைகளை எடைக்குப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி ஒரு மூட்டை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஏழரை உயரம், அடியில் நடுவே ஒரு ஓட்டை. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சோளப்பயிர் நோய் பற்றிய ஏதோ ஒரு புத்தகத்தின் சீட்டுக்குப் பின்னால் இப்போது வெய்ன் கிரெட்ஸ்கி இருக்கிறார். கெட்டியான வெள்ளை அட்டையை அதே அளவில் வெட்டிக்கொண்டாலும் சரிதான்.

ஒரு சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் முதலில் எழுதியதையே காட்டுகிறேன்:

மெக்டேவிட், கானர்
13 ஜனவரி 1997, ரிச்மண்ட் ஹில், ஒன்டாரியோ
சென்டர்
எட்மண்டன் ஆயிலர்ஸ், 97 (பென்சிலில்)
பை 212, 213, 405

ஆளுக்கு ஒரு சீட்டுதான். அவருடைய அட்டை மூன்று இருந்தால் கடைசி வரியில் மூன்று எண். குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். பிறந்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள், அது எதற்கு என்று பின்னால் தெரியும். மாறக் கூடியதைப் பென்சிலில் எழுதுங்கள். அணி மாறும், சட்டை எண் மாறும். 'அதிக கோல் அடித்தவர்' என்ற பட்டம்கூட மாறும். கிரெட்ஸ்கியின் 894 கோலை இனி யாரும் தாண்ட முடியாது என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று ஓவெச்கின் 895-ஆவது கோலை அடித்தார். பேனாவில் எழுதி வைத்திருந்தால் சீட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

சீட்டில் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம், அடியில் தமிழில் சின்னதாக. முழுக்கத் தமிழ் அகர வரிசையிலேயே செய்யலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் 'பி' எழுத்துகள் இரண்டு. தமிழில் எழுதினால் பியூரேயும் பாவெல்ஸ்கியும் ஒரே 'ப'வில் வந்து நிற்பார்கள். அட்டையில் அச்சாகி இருப்பதை வைத்துத் தேடுகிற பிள்ளைக்கு அது குழப்பம்.

இனி குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது என்பதால், நாம்தான் இதை நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் ஈ.வெ.ராமசாமி என்றால் 'ஈ' ஈரோடு, 'வெ' அப்பா பெயர், ராமசாமிதான் அவர் பெயர். நூலகச் சீட்டில் 'ராமசாமி, ஈ.வெ.' என்று எழுதுவோம். நூலகக்காரர்கள் எல்லோருக்கும் ஆசான் போன்ற சீர்காழிக்காரர் ரங்கநாதனும் அப்படித்தான். எஸ்.ஆர். என்பதில் 'எஸ்' ஊர். நம் பெயரில் கடைசித் துண்டு ஆளையே குறிக்கும். மேற்கத்திய பெயரில் அது வீட்டைக் குறிக்கும். பேரனுக்கு இது புரிந்தபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்கூல்ல என்னை அப்பா பேரச் சொல்லித்தான் கூப்படறாங்களா?" என்று கேட்டான். ஆமாம் கண்ணு, பாஸ்போர்ட்டில் உன் சர்நேம் என்று இருப்பது உங்கப்பன் பேர்தான் என்றேன்.

எது குடும்பப் பெயர் என்று சந்தேகம் வந்தால் வீரரின் சட்டை முதுகைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான். முதுகில் பெயர் போட வேண்டும் என்று வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். 1970-களின் கடைசியில் கட்டாயமாக்கியபோது, டொராண்டோ அணியின் முதலாளி ஹெரால்ட் பாலார்டுக்கு அது பிடிக்கவில்லை. 1978-இல் நீலச் சட்டையில் நீல எழுத்தாலேயே பெயர் தைத்து அனுப்பினார். கண்ணுக்கே தெரியாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, ஆர்டர் கொடுத்தவனே இப்படிச் செய்தால் தைக்கிறவன் என்ன பண்ணுவான் என்று வருத்தப்பட்டார்.

இணைப்புக் கோடு போட்ட பெயரில் கவனம் வேண்டும். ரயன் நூஜென்ட்-ஹாப்கின்ஸ் என்பதில் இரண்டும் சேர்ந்துதான் குடும்பப் பெயர், 'என்'னில் போகும். மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி என்பதில் கோடு சொந்தப் பெயரில் இருக்கிறது, அவர் 'எஃப்'. சோலில் பிறந்து பிட்ஸ்பர்க்குக்கு ஆடிய ஜிம் பேக்கின் கொரியப் பெயரில் 'பேக்' முன்னால் வரும். அந்த வடிவத்தைப் பார்த்துக் கடைசித் துண்டை எடுத்து எழுதினால் தப்பு. ராபின் பாவா, மேனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா போன்ற பஞ்சாபி வழிப் பெயர்களில் சிக்கல் ஒன்றும் இல்லை.

640 அட்டைக்கு 410 சீட்டு தேறியது. இதை ஒரேயடியாக வரிசைப்படுத்த முயன்றால் தலை சுற்றும். முதலில் முதல் எழுத்தை மட்டும் பார்த்து 26 குவியல். பிறகு ஒவ்வொரு குவியலுக்குள்ளும் இரண்டாம் எழுத்து, அப்புறம் மூன்றாம் எழுத்து. இவ்வளவுதான் முறை. நாங்கள் திண்ணையில் குவியல் வைத்தோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலையில் என்ன பாடுபடுத்தும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டேன். 'எஸ்' குவியல் முழுதும் வாசல் முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து உள் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குவியல் மேலும் ஒரு புளியங்கொட்டைப் பொட்டலம்.

அடுத்தது வரிசையின் அடிப்படை விதி: ஒன்றும் இல்லாதது, ஏதோ ஒன்று இருப்பதற்கு முன்னால் வரும். மொரீஸ் ரிச்சர்ட், ஹென்றி ரிச்சர்ட் என்று மான்ட்ரியாலில் ஆடிய அண்ணன் தம்பி இருந்தார்கள். 1944-45-இல் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தவர் மொரீஸ். 11 தடவை ஸ்டான்லி கோப்பை வென்றவர் ஹென்றி. பிராட் ரிச்சர்ட்ஸ், மைக் ரிச்சர்ட்ஸ் என்பவர்கள் பெயரில் கடைசியில் ஒரு 'எஸ்' கூடுதல். பேரன் சொந்தப் பெயரையும் சேர்த்துப் பார்த்து பிராட், ஹென்றி, மொரீஸ், மைக் என்று அடுக்கிவிட்டான். அப்படி இல்லை. குடும்பப் பெயர் முழுசாக முடிந்த பிறகுதான் காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் எல்லோரும் முடிந்த பிறகுதான் முதல் ரிச்சர்ட்ஸ்.

இதே விதிதான் இரண்டு சொல்லாக எழுதுகிற குடும்பப் பெயருக்கும். ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக், வீடெக் வானெசெக் இருவரில் யார் முன்னால்? எழுத்து எழுத்தாக, இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் போனால் வானெசெக். சொல் சொல்லாகப் போனால் 'வான்' என்ற சொல் அங்கேயே முடிந்துவிடுவதால் வான் ரீம்ஸ்டைக். இரண்டும் சரியான முறைதான், ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் சீட்டிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். நான் சொல் சொல்லாகத்தான் போவேன், பழகியது அது. அதனால் மார்ட்டின் செயின்ட் லூயிஸ் ('எஸ்டி' என்று புள்ளி வைத்து எழுதுவார்கள்) எங்கள் பெட்டியில் ஸ்டால் சகோதரர்களுக்கும் ஸ்டாம்கோஸுக்கும் முன்னால் நிற்கிறார். மேல்கொம்பு (அபாஸ்ட்ரஃபி) மட்டும் விதிவிலக்கு. அதை இல்லாததாக நினைத்து எழுத்துகளைச் சேர்த்துவிடுங்கள். 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டனுக்காக இறங்கி, என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பின வீரரான வில்லி ஓ'ரீ, அடுத்து ரயன் ஓ'ரைலி, அப்புறம் பாபி ஓர்.

'வான்' பற்றி இன்னொன்று. நெதர்லாந்தில் ஒருவர் பெயர் இப்படி இருந்தால் அங்குள்ளவர்கள் 'ஆர்' எழுத்தில் தேடுவார்கள். ஜேம்ஸ் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பிறந்தவர், அவர் ஊரில் 'வி'யில்தான் தேடுவார்கள். பெயரின் பூர்வீகம் எதுவாக இருந்தாலும், அந்த ஆள் வாழ்கிற இடத்து வழக்கத்தைப் பாருங்கள்.

மெக், மேக் விஷயத்தில் நான்தான் சறுக்கினேன். நான் படித்த காலத்து விதிப்படி 'எம்சி' என்று சுருக்கி எழுதினாலும் 'எம்ஏசி' என்று விரித்து எழுதினாலும் இரண்டையும் விரித்ததாகவே வைத்து அடுக்க வேண்டும். கேட்கிறவருக்கு ஸ்பெல்லிங் தெரியாது, ஒலிதான் தெரியும் என்பதால் அந்த விதி. கை பழக்கத்தில் மெக்டேவிட் ('எம்சி'), மெக்கினன் ('எம்ஏசி'), மக்கார் ('எம்ஏகே') என்று அடுக்கி வைத்துவிட்டேன். மறுநாள் காலை பேரன் பெட்டியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தான்.

"ஏஞ்சாமி, என்ன தேடற?"

"மெக்டேவிட்டக் காணோமுங்க அம்மிச்சி."

அவனுக்கு உயிரான வீரர். அவர் சீட்டைத்தான் முதலில் எழுதினோம். அதுவே கிடைக்கவில்லை. 'எம்' குவியலின் நடுவில் தேடுகிறான், நான் முன்பக்கம் வைத்திருக்கிறேன். அவனுக்கு மெக்டேவிட் ஒலியாகக் காதில் வந்தவர் அல்ல. சட்டையில் எழுத்தாகத் தினமும் பார்த்தவர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது. எத்தனையோ தடவை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேசாமல் உட்கார்ந்து அத்தனை மெக்கையும் எடுத்து எழுத்துப்படி மாற்றினேன்: மெக்கினன், மக்கார், பிறகு மெக்டேவிட். இப்போதைய நூலக விதிகளும் எழுதியபடியே அடுக்கச் சொல்கின்றன. ஆனால் நான் மாற்றியது அவனுக்காகத்தான்.

எழுத்தின் தலையில் புள்ளியும் கோடும் உள்ள பெயர்கள் அடுத்த சிக்கல். ஸ்வீடன்காரர்களுக்கு இரட்டைப் புள்ளி வைத்த 'ஏ' தனி எழுத்து, 'இசட்'டுக்கும் பின்னால் வரும். அவர்கள் ஊர் அகராதிப்படி பேக்ஸ்ட்ராம், பியூரேக்குப் பின்னால் போக வேண்டும். ஸ்லோவாக்கியாவில் 'சிஎச்' சேர்ந்து ஒரே எழுத்து, அதுவும் 'எச்'சுக்கு அடுத்தது. ஆறடி ஒன்பது அங்குலம் உயரமான, என்.எச்.எல். வரலாற்றில் மிக நெட்டையானவர்களில் ஒருவரான ஸ்டெனோ சாரா, அவர் பிறந்த ட்ரென்சீன் ஊரில் மரியன் ஹோசாவுக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் புள்ளி கோடுகளை வரிசைக்குக் கணக்கில் எடுக்காமல் சாராவை 'சி'யில்தான் வைத்தோம். ஆனால் சீட்டில் அவர் பெயரை அவர் ஊர்க்காரர் எழுதுவதுபோல், கோட்டையும் போட்டு எழுதினோம். வரிசை தேடுகிறவருக்கு, எழுத்து பெயருக்கு உடையவருக்கு. 'ன'வையும் 'ண'வையும் மாற்றி யாராவது நம் பெயரை எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

பிறந்த தேதி எதற்கு என்று இப்போது சொல்கிறேன். செபாஸ்டியன் ஆஹோ என்று இரண்டு பேர். ஒருவர் ஃபின்லாந்து, 26 ஜூலை 1997, கரோலைனாவின் முன்வரிசை வீரர். இன்னொருவர் ஸ்வீடன், 17 பிப்ரவரி 1996, தடுப்பு வீரர். எலியாஸ் பெட்டர்சன் இன்னும் கொடுமை. இரண்டு பேரும் ஸ்வீடன், இரண்டு பேரும் வான்கூவர் அணி. ஒருவர் 1998-இல் பிறந்தவர், மற்றவர் 2004. பேரன் இரண்டு பெட்டர்சன் அட்டைகளையும் ஒரே சீட்டில் எழுதி வைத்திருந்தான். பின்பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்த பிறகுதான் பிரித்தோம். பெயர் முழுக்க ஒன்றாக இருந்தால் மூத்தவர் முன்னால். பேக்ஸ்ட்ராமிலும் இரண்டு: ஸ்வீடன்காரர் நிக்லஸுக்கு 'சிகே', ஃபின்லாந்து கோல்கீப்பர் நிக்லஸுக்கு வெறும் 'கே'. தமிழில் எழுதினால் ஒன்றேதான், ஆங்கிலத்தில் 'சி' உள்ளவர் முன்னால்.

அண்ணன் தம்பிகளுக்குத் தேதி தேவைப்படாது, சொந்தப் பெயரே போதும். எட்மண்டனுக்குத் தென்கிழக்கே வைக்கிங் என்ற சின்ன ஊரில் சட்டர் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் என்.எச்.எல். ஆடினார்கள்: பிரென்ட், பிரையன், டாரில், டுவெய்ன், ரிச், ரான். அடுத்த தலைமுறையும் வந்தது. பிரென்டின் மகன் பிராண்டன் அப்பாவுக்கு முன்னால் நிற்கிறார். பேரனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் அப்பிச்சியை இழுத்து வந்து காட்டினான்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது 'காண்க' சீட்டுதான். ஒரு ஆளுக்கு ஒரே இடம், ஆனால் அவரைத் தேடி வருகிறவர் எந்த வாசலில் வந்து தட்டினாலும் வழி காட்ட வேண்டும். சிகாகோ அணியில் 21-ஆம் எண் அணிந்து ஆடிய ஸ்டான் மிகிடா, 1940-இல் ஸ்லோவாக்கியாவில் ஸ்டானிஸ்லாவ் குவோத் என்று பிறந்தவர். எட்டு வயதில் கனடாவில் இருந்த மிகிடா என்ற உறவினர் வீட்டுக்கு வளர வந்து, அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். 'ஜி'யில் ஒரு சீட்டு: குவோத், ஸ்டானிஸ்லாவ் - காண்க: மிகிடா, ஸ்டான். நம் பக்கத்தில் தத்துப் போன பிள்ளையைப் பெற்ற வீட்டில் கேட்டால், இன்ன ஊரில் இன்ன வீட்டில் இருக்கிறான் என்று சொல்வார்களே, அதுபோல. ஹாப்கின்ஸ் என்று தேடுகிறவருக்கு நூஜென்ட்-ஹாப்கின்ஸைக் காட்டவும் ஒரு சீட்டு. ட்ரெட்டியாக் போன்ற ரஷ்யப் பெயர்களில் ஆங்கில ஸ்பெல்லிங் இரண்டு விதமாக இருந்தால் இன்னொன்றுக்கும் ஒரு சீட்டு. எவ்கெனி என்ற பெயரையே மால்கின், குஸ்நெத்சோவ், தாதோனொவ் மூவரும் மூன்று விதமாக எழுதுகிறார்கள். அது சொந்தப் பெயர் என்பதால் இடம் மாறாது, விட்டுவிடலாம்.

பேரனின் அட்டைகளில் பாதிக்கு மேல் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையில் வாங்கியவை. அந்த டிம் ஹார்ட்டனே ஒரு ஹாக்கி வீரர்தான், 1964-இல் முதல் கடை ஹாமில்டனில் திறந்தது, அவர் 1974-இல் கார் விபத்தில் இறந்துபோனார் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. அவருடைய அட்டை எங்களிடம் இல்லை. இருந்தாலும் 'எச்'சில் அவருக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறோம், பை எண் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டு.

கணினியில் செய்கிறவர்கள் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வரிசைப்படுத்தும்போது ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் பெயர் ஒருவருடையது, தேதி இன்னொருவருடையது என்று கலந்துவிடும், பிரிக்கவே முடியாது.

சீட்டுகள் நிற்கப் பனியன் பெட்டி ஒன்றை வீட்டுக்காரர் அகலம் பார்த்து வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் தலை தூக்கி நிற்கிற மாதிரி ஒரு வழிகாட்டி அட்டை. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், விரல் போக இடம் வேண்டும். அடியில் எல்லாச் சீட்டின் ஓட்டைக்குள்ளும் பழைய குடைக் கம்பி ஒன்று.

அந்தக் கம்பி சீட்டு விழாமல் இருக்க மட்டும் இல்லை. நூலகத்தில் புதிதாக வந்த உதவியாளர் சீட்டு அடுக்கும்போது கம்பிக்கு மேலேயே, ஓட்டைக்குள் நுழைக்காமல் நிறுத்தி வைப்பார். மற்ற சீட்டுகளைவிட அது கொஞ்சம் உயரமாகத் தெரியும். மூத்தவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருந்தால் கம்பியை உருவி இறக்குவார். தான் அடுக்கியதைத் தானே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது.

பெட்டியைப் பேரன் கையோடு எட்மண்டனுக்குக் கொண்டுபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அவனுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஏழரை, வீடியோவில் கூப்பிட்டு, அந்த வாரம் கம்பிக்கு மேல் நிறுத்திய சீட்டுகளைக் காட்டுவான். போன வாரம் ஆறு. ஐந்தை இறக்கச் சொன்னேன். ஆறாவது ட்ரெவர் வான் ரீம்ஸ்டைக், ஜேம்ஸின் தம்பி. வானெசெக்குக்குப் பின்னால் நின்றிருந்தது. "எடத்தப் பாரு கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எடுத்து அண்ணன் சீட்டுக்கு அடுத்து நிறுத்திவிட்டு, கம்பியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இறக்கு" என்றேன்.